மெலனி படிக்கிறாளா, வாசிக்கிறாளா?

மனோர் பார்க், லண்டன்
கார்த்திகை 21, வெள்ளி

அன்பும் மரியாதையும் நிறைந்த பெரியண்ணைக்கு,

மாதாவின் கிருபையால் நானும் ஜெராட்டும் சின்னவள் ரோஷெலும் சுகம். நியூ ஜேர்சியில் நீங்களும் பியற்றிஸ் மச்சாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஒரு கிழமையாக மழை. ரோஷெலின் சளி மாறுவதற்காவது மழை நிற்கட்டும் என்று போன ஞாயிறு கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன், இன்னும் பலன் இல்லை. உங்கள் கேள்விக்கு இரண்டு கிழமை பிந்திப் பதில் எழுதுவதை மன்னிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் என் குரலை நீங்கள் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறீர்கள் என்று மச்சாள் சொன்னா. கடிதத்தை அப்படி ஓட்ட ஏலாது.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: மெலனி படிக்கிறாளா? இல்லையென்றால் தை மாதமே திருப்பிக் கூப்பிட்டு உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் சேர்ப்பேன் என்றும் சொல்லியிருந்தீர்கள். அண்ணை, இவ்வளவு கலவரமும் ஒரு சொல்லால் வந்தது. மெலனி சேர்ந்திருக்கும் அந்தப் பழைய பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறேன் என்று சொல்வது வழக்கம் இல்லையாம். வரலாற்றை 'வாசிக்கிறேன்' என்றுதான் இங்கிலிசில் சொல்ல வேண்டுமாம், பல நூறு வருடப் பழக்கம். பாவம், அமெரிக்காவில் பிறந்த பிள்ளை, அதை அப்படியே தமிழாக்கி உங்களுக்கு "அப்பா, நான் இங்க ஹிஸ்டரி வாசிக்கிறன்" என்றிருக்கிறாள். நீங்கள், "வாசிக்கவோ உன்னை அனுப்பினனான்? வாசிக்கிறதுக்கு இங்க லைப்ரரி இல்லையோ? எப்ப படிக்கப் போறாய்?" என்று கத்த, அவள், "இங்க ஒருத்தரும் படிக்கிறேல்லை அப்பா, எல்லாரும் வாசிக்கினம்" என்று சொல்ல, நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள்.

சரி, நேரே போய்ப் பார்ப்போம் என்று போன கிழமை, மழை தொடங்க முதல், ரோஷெலைத் தள்ளுவண்டியில் வைத்து, பெரிய ஐஸ்கிறீம் டப்பா நிறைய மட்டன் றோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு, எலிசபெத் லைன் ரயிலில் பாடிங்டன் வரை போய், அங்கிருந்து இன்னொரு ரயில் பிடித்து, மெலனியின் கல்லூரி வாசலுக்குப் போனால் கறுப்புக் கோட்டும் வட்டத் தொப்பியுமாக ஒருவர் நிற்கிறார். "போர்ட்டரிட்டச் சொல்லுங்கோ மாமி" என்று மெலனி முன்பே சொல்லியிருந்தாள். போர்ட்டர் என்றால் சாமான் தூக்குபவர்தானே? தள்ளுவண்டி, பை, குடை மூன்றையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கையில் ஒரு நாணயமும் வைத்தேன். வெள்ளைத் தலைப் பேராசிரியர் ஒருவர் வந்து பயந்து பயந்து அவரிடம் சாவி கேட்டபோதுதான், அந்த வாசலுக்கு ராசாவே அவர்தான் என்று விளங்கியது. ஆனாலும் மனுசன் முகம் சுளிக்கவில்லை. மெலனி எங்கே என்றேன். "கீழே போய்விட்டா, மேடம்" என்றார் இங்கிலிசில். அண்ணை, நான் அங்கே போக முதல் நாள் இந்த இடத்துச் சொற்களை எல்லாம் இணையத்தில் பார்த்துப் பாடமாக்கியவள். படிக்காத பிள்ளையைக் கல்லூரியை விட்டுக் கலைப்பதற்கு அங்கே 'கீழே அனுப்புவது' என்றுதான் பெயர். அண்ணைக்கு என்ன சொல்லுவன், நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு வாய்கிழியச் சொன்னனே என்று வாசலிலேயே அழ, எனக்குத் துணையாக ரோஷெலும் அழ, போர்ட்டர் ஓடிப்போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து, "கீழே ஆற்றுப் பக்கம் போயிருக்கிறா, மேடம், வந்துவிடுவா" என்றார். அப்பாடா! ஆற்றங்கரையில் இருந்து அமைதியாக வாசிக்கிறாள் பிள்ளை. அந்த நிம்மதியில் போர்ட்டருக்கு இரண்டு றோல்ஸ் கொடுத்தேன். மூன்றாவதை அவரே கேட்டு எடுத்தார்.

அரை மணித்தியாலத்தில் மெலனி வந்தாள். உடுப்பெல்லாம் ஈரம், முகம் செம்பரத்தம்பூ மாதிரிச் சிவந்து, மூச்சு வாங்குகிறது. "வாசிப்பு இவ்வளவு பாரமோ பிள்ளை?" என்றேன். "யூ ஹாவ் நோ ஐடியா, மாமி" என்று சொல்லிவிட்டு ஒன்பது றோல்ஸ் சாப்பிட்டாள்.

நானும் யாழ்ப்பாணத்தில் பட்டம் எடுத்தவள்தான், படிப்பின் அறிகுறி எனக்குத் தெரியும். உங்கள் மகளின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தேன், எழுதி எழுதிக் கொப்பளம். அவள் வலக்கைக்காரி. இடக்கையும் கொப்பளித்திருக்கிறது என்றால் எவ்வளவு எழுதியிருப்பாள், யோசியுங்கோ. விடிய ஐந்து மணிக்கு எழும்புகிறாள், இரவு ஒன்பதுக்குப் படுத்துவிடுகிறாள். எட்டுப் பிள்ளைகள் ஒரு குழுவாம், எட்டுப் பேரையும் வரிசையாக இருத்தி, ஒரு கட்டைப் பிள்ளை முன்னால் இருந்து தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக்கொடுக்கிறாளாம். அப்படி ஒரு கண்டிப்பு எங்களுக்குக் கிடைத்ததா? ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது ஜெராட் மட்டும், "சரித்திரம் படிக்கிறவளுக்கு ஏனப்பா இந்தத் தோள்?" என்று கேட்டார். "அங்கத்தைப் பழைய புத்தகமெல்லாம் பாரம், ஜேர்மனியில வீடு வீடாப் பேப்பர் போட்ட உங்களுக்கு என்ன தெரியும்?" என்று வாயை அடைத்தேன். குறை என்று சொல்லப்போனால் ஒன்றுதான்: ரயிலில் பக்கத்தில் இருப்பவர்களிடம் இன்னும் அமெரிக்காக்காரி மாதிரிச் சுகம் கேட்கிறாள். அவர்கள் எழும்பி வேறு பெட்டிக்குப் போய்விடுகிறார்கள்.

ஆகவே அண்ணை, மனத்தை அலட்டிக்கொள்ள வேண்டாம். அவள் படிக்கிறாள். நானே சாட்சி. உங்கள் எல்லோரையும் மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாராக. மச்சாளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிவுள்ள தங்கை
அஜித்தா

பி.கு.: கடிதத்தை உறையில் போடும் நேரம் மெலனியிடமிருந்து ஒரு படம் வந்தது. எட்டுப் பிள்ளைகள், எட்டு நீட்டுத் துடுப்புகள், முன்னால் அந்தக் கட்டைப் பிள்ளை. "மாமி, போட்டிக்குப் போற கல்லூரியின்ர முதலாவது படகுக்கு என்னை எடுத்திட்டினம்! அப்பாட்டச் சொல்லாதேங்கோ." அண்ணை, மேலே எழுதியதில் ஒன்றும் பொய் இல்லை. ஐந்து மணி, கொப்பளம், தோள், எல்லாம் உண்மை. ஆனால் அவள் வாசிக்கிறதால் இல்லை, துடுப்பு வலிக்கிறதால். மன்னாரில் அப்பா வள்ளம் வலித்துக் காய்த்த கையை விரித்துக் காட்டி, "இது வேண்டாமெண்டால் படியடா" என்று உங்களைப் படிப்பித்தார். நீங்கள் படித்து, அமெரிக்கா போய், உழைத்து, மகளைக் கடல் தாண்டி அனுப்பி, கடைசியில் அவளுக்கும் அதே கை. உடனே போன் எடுத்தேன். "எடியே, அப்ப எப்பதான் படிக்கிறனி?" "மழை பெய்து ஆறு பெருகினால் படகு விட விடமாட்டினம், மாமி. அண்டைக்கு முழுநாளும் வாசிப்பன், பிராமிஸ். இந்தக் கிழமை மட்டும் ரெண்டு கட்டுரை முடிச்சிட்டன், டியூட்டர் நல்லம் எண்டவர்."

தையில் அவளைக் கூப்பிட வேண்டாம், அண்ணை. இங்கே தையிலும் மழைதான், மாசியிலும் மழைதான். ரோஷெலின் சளிக்கு மருந்து வாங்கிவிட்டேன். இப்போது குடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறேன், போன ஞாயிறு மாதாவிடம் கேட்டதைத் திருப்பி வாங்க.