தவளை மந்திரம் நீக்கப்பட்டது

டிராகன் வாயைத் திறந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் நெருப்பைக் கக்கவில்லை.

கக்குவதற்கு அது தயார்தான். எதிரே நின்ற சூனியக்காரிக்குத்தான் ஒரு சந்தேகம். அவள் சற்று முன்புதான் ஆற்றில் விழுந்து எழுந்து வந்திருந்தாள். அங்கியெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். ஈர அங்கியில் நெருப்புப் பட்டால் காயம் முழுசா, பாதியா?

பல்லு விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

பல்லு என்பது நண்பர்கள் வைத்த பெயர். பல் செட் செய்யும் பட்டறை வைத்திருந்தான். சனிக்கிழமை மதியம் பட்டறையை அடைத்து, யார் யாருடைய ஈறுகளின் அச்சுகளையோ அலமாரியில் ஏற்றிவிட்டு, வேலை மேஜையை ஈரத்துணியால் துடைத்தால் அது மாய உலகமாகிவிடும். இது காய் நகர்த்தும் விளையாட்டு இல்லை. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு கதைக்குள் இறங்குவார்கள். வாள் பட்டதா, பள்ளத்தைத் தாண்டினானா என்பதைப் பகடையும் விதிப்புத்தகமும் சொல்லும். கதை சொல்வது பல்லு. டிராகனையும் அவனே பல் செட் மாவில் வார்த்திருந்தான். பல் வரிசை அத்தனை ஒழுங்காக அமைந்த டிராகன் வேறெங்கும் கிடையாது.

புத்தகம் ரொம்பப் பழசு, தலையணை கனம். 'நனைந்த துணி' என்று தேடினால் 'நீர்' என்ற பகுதியைப் பார்க்கச் சொல்லும். நீர், வெள்ளத்தைப் பார்க்கச் சொல்லும். வெள்ளத்துக்குப் போனால், நனைந்த துணியைப் பார்க்கவும் என்றிருக்கும்.

சூனியக்காரி தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து தானும் தேடினாள். தெருமுனை மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கே இந்தப் புத்தகம் பிடிபடவில்லையே என்று பல்லுவுக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அவள் தலைமுடி அவன் தோளில் உரசியபோது கஷ்டம் இன்னும் அதிகமாகி, ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தான்.

எதிரே வீரன் தூங்கிக்கொண்டிருந்தான். வீரன் நிஜத்தில் லிப்ட் மெக்கானிக், பல்லுவுடன் ஒன்றாகப் படித்தவன். திருடன் வேடம் எடுத்திருந்த டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இரண்டாவது பன்னைப் பிரித்தார்.

"எவ்வளவு குழப்பமா எழுதியிருக்காங்க பாருங்க," என்று பெருமூச்சு விட்டாள் சூனியக்காரி. "என்னால எல்லாருக்கும் தொந்தரவு."

அவள் போனதும் லிப்ட் மெக்கானிக் கொட்டாவியுடன் தீர்ப்புச் சொன்னான். "அந்தப் பொண்ணு வர்றதை நிறுத்தப் போகுது, பாத்துக்கோ. புரியாத விளையாட்டுக்கு எத்தனை நாள்தான் ஒருத்தர் வருவாங்க? விதியைக் கொஞ்சம் சுருக்குடா."

பல்லு விதிப்புத்தகத்தை மறுபடி கையில் எடுத்தான். வாரத்தில் அவளைப் பார்ப்பது அந்த ஒரு மதியம்தான். மருந்துக்கடைக்குப் போய்ப் பார்க்கலாமென்றால், அதற்கும் ஏதாவது வியாதி வரவேண்டும். ஏற்கெனவே மூன்று தலைவலித் தைலமும் ஒரு முட்டிப் பட்டையும் வாங்கி வைத்திருந்தான்.

அன்றே நெருப்பிலிருந்து ஆரம்பித்தான். ஒன்பது பக்க விதி ஒரே வரியாயிற்று. நெருப்புப் பட்டால் ஒரு பகடை, அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை டிராகன் வாயைத் திறந்தவுடன் கக்கியது. சூனியக்காரி தயங்கினாள். "அங்கி நனைஞ்சிருந்தா?"

"நனைஞ்சா என்னங்க, காஞ்சா என்ன. ஒரே பகடைதான். தேடவே வேண்டாம்," என்றான் பல்லு பெருமையாக.

"ஓ," என்றாள் அவள். இழுக்கப்போன நாற்காலியை விட்டுவிட்டாள்.

அந்த 'ஓ'வை நிம்மதி என்று எடுத்துக்கொண்டான் பல்லு. ஆனால் அன்றைக்கே அவளுக்கு வேறொரு சந்தேகம் வந்தது. ஒரு மூட்டை, இரண்டு குடம், அடிபட்ட கழுதை ஒன்று, இத்தனையையும் ஒரு சூனியக்காரி தூக்க முடியுமா? மறுபடி அரைமணி நேரம் இருவரும் புத்தகத்துக்குள் தலையை விட்டார்கள். ஐயோ பாவம், இங்கேயும் சிக்கிக்கொண்டாளே என்று பல்லு எடை விதிகளைக் கூண்டோடு ஒழித்தான். யாரும் எதையும் தூக்கலாம்.

டிரைவிங் மாஸ்டர் அடுத்த வாரமே ஊர்க் கோட்டைக் கதவைப் பெயர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்கடுத்து பாலத்தை எடுத்தார். பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்த லிப்ட் மெக்கானிக் கத்தினான். நியாயமான பொருட்களை மட்டும் தூக்கலாம் என்று பல்லு திருத்தினான். எது நியாயம் என்பதில் இருவரும் சண்டை பிடித்து ஒரு சனிக்கிழமை முழுதும் வீணாயிற்று. கடைசியில் பை, மூட்டை, பொருள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டான். அப்படியானால் தான் எதைத் திருடுவது என்று கேட்டார் மாஸ்டர். மனசைத் திருடுங்கள் அண்ணே என்றான் மெக்கானிக். இரண்டு வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இதற்கெல்லாம் நடுவே சூனியக்காரி அமைதியாகிக்கொண்டே வந்தாள். அவளுக்கு மிச்சமிருந்தது மந்திரங்கள் மட்டும்தான். புத்தகத்தில் இருநூறுக்கு மேல் இருந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் செலவழித்து பல்லு அவற்றை மூன்றாக்கினான். அடி, காப்பாற்று, மறை.

"தவளையா மாத்துற மந்திரம்?" என்று கேட்டாள்.

"அதுவும் 'அடி'க்குள்ள வந்துடுதுங்க."

"தவளையை எடுத்துட்டீங்களா?" என்றாள், ஒரு துக்கச் செய்தியைக் கேட்ட குரலில்.

"அதுல எவ்வளவு குழப்பம் இருந்துச்சு தெரியுமாங்க? தவளையானப்புறம் அதுக்குப் பழைய ஞாபகம் இருக்குமா, நீந்துமா, எவ்வளவு நேரம் தவளையா இருக்கும்... நாலு பக்கம்."

"ஆமா," என்றாள் அவள். "நாலு பக்கம்."

அதற்குப் பிறகு தாமதமாக வர ஆரம்பித்தாள். வந்தாலும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கஷ்டமாக இருக்கிறதுபோல என்று பல்லு இன்னும் வெட்டினான். ஒரு அரசியல்வாதியின் பல் செட்டில் கடைவாய்ப் பல்லை முன்னால் வைத்துக் கட்டுமளவுக்கு இதே நினைப்பாக இருந்தான். அதை மாட்டிக்கொண்டு அந்த மனிதர் புகைப்படத்துக்குச் சிரித்துவிட, செட்டைச் சரிசெய்து கொடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. ஆனாலும் தலையணைப் புத்தகம் ஒரே தாளாகச் சுருங்கியது.

அந்தத் தாளை வைத்து ஆடிய முதல் சனிக்கிழமை, அடுப்பில் வைத்த டீ கொதிப்பதற்குள் டிராகன் செத்துப்போனது. நால்வரும் அதன் அழகான பற்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே நல்ல வெயில். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மாஸ்டர் மெதுவாக டிராகனைத் தூக்கி, அடியில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

சூனியக்காரி கைப்பையை எடுத்துக்கொண்டாள். "இப்ப எல்லாம் நல்லாப் புரியுதுங்க. கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை." வாசல்வரை போய்த் திரும்பினாள். "அடுத்த வாரத்திலேருந்து சனிக்கிழமை கடையில வேலை இருக்கும். நான் வரமாட்டேன்."

பல்லுவுக்கு உலகமே இருண்டது. அந்த ஒரு தாளும் அவளுக்குப் பாரமாகிவிட்டது என்றுதான் அவனுக்குத் தோன்றியது. வீட்டில் உட்கார்ந்து யோசித்து, கடைசி வெட்டையும் வெட்டினான். மொத்த விளையாட்டுக்கும் இனி ஒரே விதி: பெரிய எண் ஜெயிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு அவள் வீட்டுக் கதவைத் தட்டினான். ஈரத்துணிக் கூடையை இடுப்பில் வைத்தபடி ஒரு பெண் திறந்தாள்.

"சூனியக்காரி இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் கோபப்படவில்லை. அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பல் செட் கடைத் தம்பிதானே? நான் அவளோட அண்ணி. நேத்துலேருந்து ரூமை விட்டு வெளியில வரலை. என்ன விஷயம்?"

பல்லு தாளை நீட்டினான். தன் விளையாட்டால்தான் அவள் இவ்வளவு நாள் கஷ்டப்பட்டாள் என்றும், இனிமேல் அவளுக்கு எந்தச் சந்தேகமும் வராது, அதற்குத் தான் பொறுப்பு என்றும் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தான்.

அண்ணி அந்த ஒரு வரியைப் படித்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"தம்பி, அந்தத் தடிப் புத்தகம் முழுக்க அவளுக்கு மனப்பாடம், வாரா வாரம் உங்ககிட்ட கேக்கறதுக்குச் சந்தேகம் கண்டுபிடிச்சுக் குடுத்ததே நான்தான், நீங்க பாட்டுக்கு இப்படி எல்லாத்தையும் எடுத்துட்டா நான் சந்தேகத்துக்கு எங்கே போவேன்?"