வெட்கப்படும் டிஸ்க்

வந்துவிட்டார் சர்வர் சித்தர்! ஆஸ்பத்திரி வராந்தாவில் எள் போட்டால் எள் விழாது. டாக்டர்கள் கைகட்டி நின்றார்கள். செத்த கணினிக்கு உயிர் கொடுக்கிற மகான் அல்லவா! உயிரோடு இருந்த நோயாளிகள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள்; அவர்களுக்கு என்ன அவசரம்?

ரிப்போர்ட் அறைக்காரிக்குத்தான் அவசரம். உள்ளே அவள் தங்கைக்கு ஆபரேஷன். எந்த மருந்து அவளுக்கு ஆகாது என்ற குறிப்பு கணினிக்குள் கிடந்தது. எல்லாவற்றையும் இரண்டு டிஸ்க்கில் எழுதி வைத்திருந்தார்கள், ஒன்று போனாலும் மற்றது இருக்குமென்று. காலையில் ஒன்று போயிற்று. மற்றது இருந்தது, கணினிதான் எழவில்லை.

"எல்லாரும் சுவரைப் பாத்துத் திரும்பி கண்ண மூடுங்க. பாத்தா டிஸ்க் வெட்கப்படும்," என்றார் சித்தர். பட்டம் வாங்கிய அத்தனை பேரும் சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டார்கள்.

நர்ஸ் ஓடி வந்தாள். "அக்கா, மயக்க டாக்டர் குறிப்பு கேக்குறார்!"

"டிஸ்க்குக்கு மனசு இரங்க முக்கால் மணி நேரமாகும்," என்றார் சித்தர்.

போன மாதமும் இதே கூத்து. அன்று தும்மல் வந்து அவள் கண் திறந்துவிட்டது. பார்த்ததை வெளியே சொன்னால் வேலை போகுமென்று வாயை மூடிக்கொண்டாள். இன்று போவது தங்கையின் உயிர். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று போய்ச் சித்தரின் சட்டைப் பைக்குள் கைவிட்டாள். வந்தது ஒரு பென் டிரைவ்!

"திரும்பிப் பாருங்க! நல்லா கண்ணத் திறந்து பாருங்க!"

செருகினாள். பொத்தானை அமுக்கினாள். கணினி எழுந்தது. ஐம்பது பேர் முறைத்துப் பார்த்தும் டிஸ்க்குக்குத் துளி வெட்கமில்லை. குறிப்பு ஆபரேஷன் அறைக்குப் பறந்தது.

"கணினிய எழுப்புற நிரல ரெண்டு டிஸ்க்குலயும் போட்டிருக்கணும். இவரு வேணும்னே ஒண்ணுலயும் போடல. அது இவரு பையிலதான் இருந்துச்சு!"

சித்தர் நைசாக நழுவப் பார்த்தார். இப்போது அவருக்குத்தான் வெட்கம்.

மறுநாள் தங்கை நல்லபடியாகக் கண் விழித்தாள். புது டிஸ்க்கும் வந்தது. இரண்டிலும் நிரலைப் போட்டாள். ஒன்றைக் கழற்றிவிட்டுக் கணினியைப் போட்டாள்; எழுந்தது. கழற்றியதைத் திரும்ப மாட்டி, இரண்டிலும் ஒரே தகவல் ஏறும்வரை பொறுத்து, மற்றதைக் கழற்றினாள். அப்போதும் எழுந்தது.

"இவ்வளவுதானா? இத்தன நாளா யாருமே கழட்டிப் பாக்கலையா?" என்றார் மேனேஜர்.

"எங்க சார் பாக்குறது? சுவரத்தானே பாத்துட்டு இருந்தோம்!"

சுவருக்கு மூளை இல்லை, சரி. அதன்மேல் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றவர்களுக்குமா இல்லை?