கழுத்தில் ஊசி, வாயில் 'இல்லீங்க'

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் ஒருவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பது பெரிய குற்றம். வழி கேட்பவரிடம்கூட 'ங்க' போட்டு நாலு வார்த்தை பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்த மரியாதையால் நான் கெடுத்த காரியங்கள் ஏராளம். அதில் முதலிடம் என் கழுத்துக்குத்தான்.

எட்டு வருடம் முன்பு தொண்டையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. தைராய்டு கட்டி, மெல்லிய ஊசி விட்டுக் கொஞ்சம் செல் எடுத்துப் பார்த்தால்தான் புற்றுநோயா இல்லையா என்று தெரியும் என்றார்கள். அதற்கப்புறம் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

அந்த நேரம் பார்த்து எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஊருக்குள் கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருந்தவர் அவர். எதைப் பார்த்தாலும் கோணல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். என் தம்பியின் புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போன இடத்தில், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால், "வாசக்கால் அரை இஞ்சு சாஞ்சிருக்குதுங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டார். (டேப்பை வேறு கையோடு கொண்டுவந்திருந்தார், மனுசன்.) அன்றிலிருந்து பதினோரு நாள் நான் வாய் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் பேசாமலேயே வண்டியை எடுத்தார், பேசாமலேயே ஏறிக்கொண்டேன்.

தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தை அண்ணாக்கப் படுக்கவைத்தார்கள். நான் நடுங்கியதைப் பார்த்து அவரைக் கதவோரம் நிற்க விட்டார் டாக்டரம்மா.

"ஊசி உள்ள இருக்கறப்ப பேசக்கூடாதுங்க. எச்சில்கூட முழுங்கக்கூடாதுங்க."

தலையாட்டினேன்.

"தலையும் ஆட்டக்கூடாதுங்க."

"சரிங்க" என்றேன்.

ஊசி இறங்கியது. அப்போதுதான் கதவோரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. "அம்மணி, வலிக்குதா?"

பதினோரு நாள் கழித்துக் கேட்கிறார். நான் என்ன செய்ய? "இல்லீங்க" என்றேன். அதோடு விட்டேனா? "நீங்க சாப்ட்டீங்களா?" என்றும் கேட்டுவைத்தேன்.

டாக்டரம்மா ஊசியை உருவிக்கொண்டு முதலில் அவரை வெளியே அனுப்பினார். மறுபடி குத்தியும் பெரும்பாலும் ரத்தம்தான் வந்தது. செல் போதவில்லை, ஒரு மாதம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும் என்று ரிசல்ட் வந்தது. என் வாயால் நானே வாங்கிக்கொண்ட ஒரு மாத பயம்.

அந்த மாதம் முழுக்க, காலையில் பட்டறைக்குக் கிளம்பும் முன் அளவு பார்க்கும் வெர்னியர் இடுக்கியை எடுத்துவந்து என் கட்டியை அளந்தார். நாலாயிரம் போல்ட்டை ஒரே தடவையில் அளந்தவர், என் கழுத்தை மட்டும் மூன்று தடவை அளப்பார். "நேத்து இருந்த அளவுதான், அம்மணி" என்பார். அப்புறம்தான் காப்பியே குடிப்பார். அவ்வளவு பயத்திலும் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. இன்றைக்கும் விடிந்ததும் கழுத்து அந்தச் சில்லென்ற இரும்பைத் தேடுகிறது.

இரண்டாம் முறை மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை. சாதாரணக் கட்டிதான், வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்தால் போதும் என்றார்கள். "கழுத்துல ஊசி இருந்தாலும் எங்கம்மா பதில் சொல்லிப்போடும்" என்று என் மகள் ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள்.

இரண்டு வருடம் முன்பு மாரடைப்பில் அவர் போய்விட்டார். கட்டி மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

போன மாதம் ஸ்கேனுக்கு மகள்தான் கூட வந்தாள். அவர் நின்ற அதே கதவோரம் நின்று நர்சிடம் அந்தக் கதையைச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஸ்கேன் எடுத்த பையன் திரையைப் பார்த்தபடி, "போன வருசத்து அளவுதானுங்கம்மா" என்றான். என் கண்ணைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, வலிக்குதுங்களா?" என்றான்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது மகள் அதையும் சேர்த்துத்தான் சொல்கிறாள். "ஊசி இருந்தப்ப பேசுச்சு, ஊசி இல்லாதப்ப பேசலீங்க." அந்த இடத்தில் மட்டும் அவளும் சிரிப்பதில்லை.