மச்சானின் வயலினும் எண்பத்திரண்டு சதவீத ஈரமும்

புதுவாயல்,
நவம்பர் 14, வெள்ளி.

கர்த்தருக்குள் பிரியமான சாலமோன் மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை விக்டோரியாவின் கணவன் இம்மானுவேல் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் விக்டோரியாவும் கர்த்தர் கிருபையில் சுகம். மஸ்கட்டில் நீங்களும் மகள் சுகிர்தாவும் புதுப் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் வயலினைப் பற்றி மட்டும் 'சுகம்' என்று எழுதக் கை வரவில்லை. ஃபோனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் விக்டோரியா பார்த்துவிடுவாள். அண்ணன் பொருள் கெட்டுப்போகிறது என்று தெரிந்தால் தாங்கமாட்டாள். அதனால் சபையிலிருந்து மஸ்கட் கிளம்பும் ஒருவர் கையில் கொடுத்தனுப்ப, கம்பெனி ரீடிங் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கடைசிவரை படித்துவிட்டுக் கத்தவும்.

ஆகஸ்டில் பெட்டியை எங்கள் வீட்டில் வைத்துவிட்டு, "மழக்காலம் வருது, ஈரம் ஏறாம பாத்துக்குங்க, கிறிஸ்துமஸுக்கு வந்து பொன்னேரி சர்ச்சுல வாசிக்கணும்" என்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னீர்கள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கும்மிடிப்பூண்டி மாத்திரைக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாக மணிக்கொரு தரம் காற்றின் ஈரத்தைக் குறிப்பவனுக்கே ஈரத்தைப் பற்றிப் பாடமா என்று நினைத்தேன். கம்பெனியில் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய மீட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, பீரோமேல் வயலின் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டினேன். டியூட்டிக்குப் போகும்முன் ஒரு ரீடிங், வந்தபின் ஒரு ரீடிங், அதற்கென்று தனி நோட்டு.

தீபாவளி முடிந்து மழை பிடித்தது. மீட்டர் எண்பத்திரண்டுக்கு ஏறியது. தந்தியை முறுக்கும் பிரடைகள் ஊறிப் பருத்து, பல்லைக் கடித்துத் திருகினாலும் அசையவில்லை. வில்லின் முடியோ ஈரத்தைக் குடித்து நீண்டு, கொடிக்கயிறு மாதிரி தொங்கியது. எனக்கு ஒரு சந்தேகம், மச்சான். குதிரையின் வாலில் இருந்தபோது அந்த முடி நனையாத மழையா? வில்லில் கட்டியபிறகு மட்டும் ஏன் இத்தனை ரோஷம்? இதைப் பற்றி யோசித்துக்கொண்டே கம்பெனியிலிருந்து ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் முப்பது கொண்டுவந்து பெட்டிக்குள் அடுக்கினேன். அங்கேதான் தப்புச் செய்துவிட்டேன். இரண்டே நாளில் எல்லாம் தலைகீழ். பிரடைகள் காய்ந்து சுருங்கி வழுக்கி, தந்திகள் தளர்ந்து, அவற்றைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் 'டப்'பென்று படுத்துக்கொண்டது. முடி சுருங்கி இழுத்ததில் வில் இப்போதே அம்பு விடுவதுபோல் வளைந்திருந்தது. வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பெட்டியை மூடிவிட்டு ஓடினேன். அன்று டியூட்டி முழுக்க உங்கள் முகம்தான். மூன்று மணிக்கு வீடு வந்து பெட்டியைத் திறந்தால், பிரிட்ஜ் எழுந்து நிற்கிறது! தந்திகள் அதனதன் இடத்தில். வில் தளர்ந்து ஓய்வாகப் படுத்திருக்கிறது. சிலிக்கா பொட்டலங்களை மட்டும் காணோம். குப்பை என்று தூக்கிப் போட்டுவிட்டேன் என்றாள் விக்டோரியா. 'தானாகச் சரியானது' என்று நோட்டில் எழுதினேன். பாஸ்டரிடம் சொல்லியிருந்தால் ஒரு பிரசங்கமே ஆகியிருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. மீட்டர் எண்பத்திரண்டை விட்டு இறங்கவில்லை. ஆனால் செவ்வாயன்று அசையாத பிரடை புதனன்று வழவழவென்று திரும்புகிறது. எங்கள் கம்பெனியில் போல்ட்டையும் நட்டையும் சேர்த்துப் பெயின்ட்டில் ஒரு கோடு போடுவோம், கோடு விலகினால் லூஸ் என்று அர்த்தம். அதேபோல் வில்லின் முனையில் முடியை இறுக்கும் ஸ்க்ரூவில் பென்சிலால் கோடு போட்டேன். வந்து பார்த்தால் அரைச்சுற்று தள்ளி நிற்கிறது. ஃபிட்டர் அன்புசெல்வனைக் கேட்டேன்.

"இன்னா சார் சொல்ற? ஸ்க்ரூ தானா திரும்புதா? வைப்ரேஷன் இருந்தா திரும்பும். உன் ஊட்ல இன்னா வைப்ரேஷன்?"

"பொட்டிக்குள்ளதாம்பா கீது. யாரும் தொடறதில்ல."

"ஊட்ல கீறவங்கள ஒரு வார்த்த கேளு சார்."

கேட்டேன். ஸ்க்ரூ ஏன் தானாகத் திரும்புகிறது என்று. விக்டோரியா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஈரந்தாங்க. எல்லாம் ஈரம் பண்ற வேல" என்றாள்.

இதற்கிடையில் தந்திக்குக் கீழே வெள்ளையாக, மாவு மாதிரி பூஞ்சை வேறு. துடைத்தால் மறுநாள் திரும்ப வருகிறது. விடுவேனா, நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். எனக்குக் காலை ஷிஃப்ட் என்றால், காலைக்கும் மூன்று மணிக்கும் நடுவில் வயலின் குணமாகிறது. இரண்டாம் ஷிஃப்ட் என்றால் சாயங்காலத்தில். நைட் ஷிஃப்ட் முடித்து நான் பகலெல்லாம் வீட்டில் தூங்கும் வாரத்தில் ஒன்றும் நடப்பதில்லை. பிரடை இறுகி, முடி தொங்கி, அப்படியே கிடக்கிறது. ஞாயிறு நான் வீட்டில், அன்றும் ஒன்றுமில்லை. மச்சான், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். ஈரம் வேறெங்கிருந்தும் வரவில்லை, என் உடம்பிலிருந்துதான் வருகிறது. எனக்கு வேர்வை அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். நான் வீட்டில் இல்லாதபோதெல்லாம் அந்த வயலின் நன்றாக இருக்கிறது.

ஆகையால் முடிவு செய்துவிட்டேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும், இரண்டு பஸ் மாறி, ஆர்.கே.பேட்டையில் உங்கள் பழைய சிநேகிதர் பரசுராமன் வீட்டில் வயலினைச் சேர்த்துவிடுகிறேன். அந்தப் பக்கம் கடல் காற்றும் இல்லை, நானும் இல்லை. இங்கேயே இருந்தால் கிறிஸ்துமஸுக்குள் அது விறகாகிவிடும். நம்பிக் கொடுத்த பொருளைக் காக்க முடியாமல் போனதற்கு என்னை மன்னியுங்கள்.

குழந்தைக்கு என் முத்தம். சுகிர்தாவுக்கு ஆசீர்வாதம். கர்த்தர் உங்களுக்கு நீடிய ஆயுளையும் என்மேல் நீடிய பொறுமையையும் தருவாராக.

இப்படிக்கு,
ஈரத்துடன்,
இம்மானுவேல்.

பின்குறிப்பு: ஞாயிறு மாலை. மேலே எழுதியதில் எண்பத்திரண்டு என்ற எண்ணைத் தவிர எதையும் நம்பவேண்டாம். பெட்டியைத் தூக்கினேன். மறுமுனையை விக்டோரியா பிடித்துக்கொண்டாள்.

"எங்க எத்துக்கினு போறீங்க?"

"ஆர்.கே.பேட்டைக்கு. என் ஒடம்பு ஈரம் இதுக்கு ஆவல."

என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். பிரடையை உருவிச் சாக்பீஸ் தேய்த்துச் சொருகினாள். வில்லின் ஸ்க்ரூவைத் திருகினாள், என் பென்சில் கோடு கண்ணெதிரே நகர்ந்தது. வில்லின் முடிக்குப் பூசும் பிசின், அந்த ரோசின் கட்டியில் வில்லை இழுத்தாள். வாசித்தாள். என் பூஞ்சை, வெறும் ரோசின் பொடி, அவள் மடியில் உதிர்ந்தது. நான் மீட்டரைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க ஸ்க்ரூவத்தான கேட்டீங்க."

பெண் பார்க்க வந்த அன்று, "தங்கச்சி ரெண்டு பாட்டு வாசிக்கும்" என்று நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. கம்பெனி பஸ் போய்விடும் என்று நான்தான் எழுந்துவிட்டேன். அதற்கப்புறம் இருபத்தாறு வருஷம் அந்த இரண்டு பாட்டைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. மனசு கஷ்டமாக இருக்கிறது, மச்சான். வயலினை நீங்கள் யாரிடம் விட்டுப் போனீர்கள் என்பதும் இப்போதுதான் புரிகிறது.

ஆர்.கே.பேட்டைக்குப் போகவில்லை. வரும்போது ரோசின் கட்டி ஒன்று வாங்கி வாருங்கள். உங்களுடையது பாதிக்குமேல் தேய்ந்துவிட்டது. அதை மட்டும் நான் நோட்டில் குறிக்கவே இல்லை.