நான் கை நனைக்காமல் எழுந்து வந்த காரணம்

மதிப்பிற்குரிய திரு. அழகேசன் அவர்களுக்கு,

சம்பந்தி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அப்படி எழுதலாமா என்று தெரியாததால் வெறும் திரு போட்டிருக்கிறேன். புக்கிட் மேராவில் தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் என் மருமகளாக வரவேண்டிய இளமதியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஊரிலிருந்து விடுமுறைக்கு வந்து ஜாலான் புசாரில் மகன் கபிலன் வீட்டில் தங்கியிருக்கும் நானும் என் மனைவி தங்கமும் நலம். நான் மட்டும் இன்னும் ஒருக்களித்துத்தான் உட்காருகிறேன். தாங்கள் போனை எடுப்பதே இல்லை என்பதால் இந்தக் கடிதம்.

கல்யாணம் பேசி முடிக்க வந்த இடத்தில் நான் உட்காரவில்லை, கை கூப்பவில்லை, நீட்டிய தாம்பூலத் தட்டை வாங்கவில்லை, இலை போட்டுப் பரிமாறியும் கை நனைக்கவில்லை. பையனைப் பெற்றவன் பெண் வீட்டில் கை நனைக்காமல் போனால் சம்பந்தத்தில் இஷ்டமில்லை என்று அர்த்தம். இது கோவில்பட்டிக்காரனான எனக்குத் தெரியாதா? "அவரு மனசுல என்னமோ இருக்கு. வாயத் திறந்து சொல்லிருக்கலாம் லா" என்று தங்கள் வீட்டம்மா அடுக்களையில் சொன்னதும் காதில் விழுந்தது. சத்தியமாக மனதில் ஒன்றும் இல்லை. இருந்ததெல்லாம் வேறு இடத்தில்.

விருந்து மதியம்தானே என்று காலையில் கபிலன் எங்களை ஒரு கள்ளித் தோட்டத்துக்குக் கூட்டிப் போனான். எங்கள் பக்கம் ஆடு புகாமலிருக்க வேலியில் வைக்கிற சப்பாத்திக்கள்ளிக்கு இங்கே கண்ணாடிக் கூரை, பெயர்ப் பலகை, காவலுக்குச் சீருடையில் ஆள். சனங்கள் வரிசையில் நின்று அதனோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள்! நான் சும்மா இருந்திருக்கலாம். "இதோட பழத்தத் தின்னுதான் நாங்க வளந்தோம்" என்று பெருமையாகச் சொன்னேன். "வாயால சொன்னது போதும், கைய நீட்டாதீங்க" என்றாள் தங்கம். கல்யாணமான நாளிலிருந்து அவள் வேண்டாம் என்பதையே செய்து பழகிய கை, நீண்டுவிட்டது. பழமும் வந்துவிட்டது. ஊரில் என்றால் மண்ணில் போட்டுப் புரட்டி, மேலே இருக்கிற சுணை முள் போன பிறகுதான் தொடுவோம். இங்கே மண் எங்கே இருக்கிறது, தரையைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள். அதற்குள் காவல்காரர் என் பக்கம் வந்தார். பழத்தைப் பேண்ட்டின் பின்பாக்கெட்டுக்குள் தள்ளினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானாகவே "நைஸ் கார்டன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு அங்கேயே நின்றதால், பாக்கெட் புடைப்பு தெரியாமலிருக்கப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எதன்மேல் உட்கார்ந்தேன் என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அவர் நகர்ந்ததும், நசுங்கிய தடயத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் போட்டு விழுங்கினேன்.

அதன் பிறகு எம்ஆர்டி ரயிலில் ஒரு பிள்ளை எழுந்து, "அங்கிள், உக்காருங்க லா" என்று விடாமல் வற்புறுத்தியதும், நான் கம்பியைப் பிடிக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தள்ளாடியதும் தனிக் கதை. சுணை முள் கண்ணுக்கே தெரியாது. இரண்டு உள்ளங்கையிலும் அதுதான். தங்கள் மைத்துனர் அசோக் என் சிவந்த வாயைப் பார்த்துவிட்டு, "வேற எங்கயோ வெத்தல போட்டுட்டு வந்திருக்காரு போல" என்றாராம். ஐயா, அது பழச்சாறு. வேறெந்தப் பெண் வீட்டிலும் நான் வெற்றிலை போடவில்லை. முதன்முதலாகச் சம்பந்தி வீட்டுக்கு வந்த மனுஷன் எந்த இடத்தில் குத்துகிறது என்று சபையில் எப்படிச் சொல்வான், தாங்களே சொல்லுங்கள்!

ஞாயிறிலிருந்து கபிலன் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தங்கம் சாமணத்தோடு முள் எடுக்கிறாள், எடுக்கும்போதே திட்டுகிறாள். இந்தக் கல்யாணம் என் திமிரால் நின்றுபோனால் என்னால் தாங்க முடியாது. பெரிய மனது பண்ணி மன்னித்து, ஊருக்குக் கிளம்புமுன் இன்னொரு தடவை அழையுங்கள். பழைய சோறு போட்டாலும் சாப்பிடுகிறேன். அழைக்கும் வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இளமதி நீடூழி வாழ எங்கள் ஆசிகள். தங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். இப்போது கை ஓரளவு கூப்ப வருகிறது.

தங்கள் சம்பந்தியாகத் தவிக்கும்,
பாலகிருஷ்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கபிலன் இதை வாங்கிப் படித்தான். "அப்ப, நீங்க விஷயம் தெரிஞ்ச கோவத்துல சாப்பிடாம வந்தது இல்லையாப்பா?" என்றான். "என்னடா விஷயம்?" என்றேன். அரசாங்க வீடு வாங்கக் கணவன் மனைவியாக மனுப் போடுவதற்காகப் போன மாதமே அவனும் இளமதியும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்களாம். ஊரில் இருக்கிற எங்களிடம் சொல்லப் பயமாம். சாட்சிக் கையெழுத்து, தாங்களாம்! ஆக, தாங்கள் போனை எடுக்காதது கோபத்தால் அல்ல, பயத்தால். தங்கம் சந்தோஷத்தில் அழுகிறாள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஆனால் அதைத் தங்களுக்குக் காட்டுவதாக இல்லை. மேலே கேட்டிருக்கும் மன்னிப்பு அத்தனையையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இனி எழுத வேண்டியது நீங்கள், சம்பந்தி.