நூறு வருஷக் குழாய்

இந்த முறை மாமியாரை வரவிடக் கூடாது என்று வைராக்கியம் பூண்டேன். காரணம் கேட்காதீர்கள், வெட்கமாக இருக்கிறது. சரி, சொல்லித் தொலைக்கிறேன். போன தடவை ஒரு மாதம் முழுக்க என் சாய்வு நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். அவ்வளவுதான்.

நான் பிளாஸ்டிக் சாக்கடைக் குழாய் விற்கிறவன். துருப்பிடிக்காது, அரிக்காது, நூறு வருஷம் உழைக்கும் என்று வாய் ஓயாமல் சொல்வது என் பிழைப்பு. கம்பெனி கொடுத்த பனியனிலும் அதையே அச்சடித்திருப்பார்கள். அந்தப் பனியனைச் சுருட்டி, கொல்லைப்புறத்துச் சாக்கடைத் தொட்டியைத் திறந்து, கழிவறைக் குழாயின் வாயில் திணித்தேன்.

மறுநாள் அடைத்துக்கொண்டது.

"குழாய்க்கு ஆயுள் முடிஞ்சிடுச்சு. உங்கம்மாவை வர வேணாம்னு சொல்லிடு" என்றேன் மனைவியிடம்.

"நூறு வருஷம்னு சொல்வீங்களே?"

"அது கடையில."

"போட்டு ஆறு வருஷம்தானே ஆச்சு?"

"மண்ணு சரியில்ல."

"எந்த மண்ணுலயும் உழைக்கும்னு பக்கத்து வீட்டுக்காரர் தலையில கட்டினீங்களே!"

"அவர் மண்ணு வேற."

"அண்ணன் வீட்டு மாடி ஏற முடியாம அம்மா முட்டி வலியில துடிக்கறாங்க" என்றபடி உள்ளே போனவள், சற்று நேரத்தில் திரும்பி வந்தாள்.

"உங்க கம்பெனிக்கு போன் பண்ணிட்டேன். உத்தரவாதம் இருக்குல்ல? குழாய்க்குள்ள கேமரா விட்டுப் பாக்க மேனேஜரே வராராம்."

கேமராவில் முதலில் தெரியப்போவது என் பனியன். வேலை போகும். மானம் அதற்கு முன்பே போய்விடும்.

"தெருமுனை வரைக்கும் போயிட்டு வரேன்" என்று அவள் கிளம்பியதுதான் தாமதம், தொட்டி மூடியைத் தூக்கினேன். குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டு இழுத்தேன். பனியன் வந்தது. அதன் பின்னால் தேங்கியிருந்ததெல்லாம் வந்தது, நேராக என் முகத்துக்கு.

கண்ணைத் துடைத்துப் பார்த்தால், எதிரே மனைவி. பக்கத்தில் பெட்டியோடு மாமியார்.

"மேனேஜர்?" என்றேன் ஈனக்குரலில்.

"அவரை யாரு கூப்பிட்டா?" என்று என் காதோரம் சொல்லிவிட்டு, அம்மா பக்கம் திரும்பினாள். "பாத்தியாம்மா, நீ வரேன்னு உன் மாப்பிள்ளை தன் கையாலயே அடைப்பு எடுக்கறாரு."

மாமியாரின் கண் கலங்கியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் தொட்டிக்குள்ளேயே இறங்கிவிடலாம் போலிருந்தது.

"பெத்த பிள்ளைகூட எனக்காக இப்படிச் செய்ய மாட்டான், மாப்பிள்ளை. ஒரு மாசம்னுதான் கிளம்பினேன். இனிமே இங்கேயே இருந்துடறேன்."

என் மனைவி பனியனைக் குச்சியால் தூக்கி, அதிலிருந்த எழுத்தை நிதானமாகப் படித்தாள்.

"நூறு வருஷம் இரும்மா. குழாய் தாங்கும்."