மலைப்பாதைப் பந்தயமும் கார்ச் சாவியும்

இரணியல் டைட்டஸின் கண்ணில் பட்டால் எந்த எழுத்தும் தப்பாது. அப்பேர்ப்பட்டவரை ஒரு இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரைகளுக்குத் தரம் போட உட்கார வைத்துவிட்டார்கள். கேட்கவா வேண்டும்? ஒவ்வொரு வரிக்கும் "சான்று எங்கே?" என்று குடைவார். வீட்டிலும் அதே உத்தியோகம்தான். குழம்புக்கு உப்பு போட்டாயிற்று என்றால், அதற்கும் சான்று கேட்பார்.

அந்தச் சனிக்கிழமை அவர் கையில் சிக்கியது, பழைய மலைப்பாதைக் கார் பந்தயம் ஒன்றைப் பற்றிய கட்டுரை. எழுதியவர் 'வளைவு' என்ற புனைபெயர்க்காரர். டைட்டஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே மனைவி பெமிலா வந்து நின்றாள்.

"நாளைக்குச் சிதறால்ல எங்க சபை அசன விருந்து. கார் சாவியத் தாங்க. எங்க அக்கா முன்னால நானே ஓட்டிட்டுப் போயி இறங்கணும்."

"லைசென்ஸ் இருந்தாப் போருமா? பொம்பளையளுக்கு மோட்டார் பிடிபடாதுட்டி. பஸ்ல போவோம்."

"போன வருசம் அசனக் கறிய பஸ்ல நீங்க ஒருத்தர் வேட்டியில கொட்டினது மறந்துபோச்சா?"

"அவரு அசையாம நின்னிருக்கணும்."

பெமிலா போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அப்போதே டைட்டஸ் பயந்திருக்க வேண்டும். அவர் படிக்க ஆரம்பித்தார்.

குறையே அகப்படவில்லை. வரிக்கு வரி சான்று. எந்த வளைவில் எந்த கியர், இறக்கத்தில் பிரேக் ஏன் சூடாகும், எல்லாம் இருந்தது. மனுஷன் சொக்கிப்போனார்.

"நீங்கள் பழுத்த ஓட்டுநராகத்தான் இருக்க வேண்டும்" என்று எழுதினார்.

உடனே பதில் வந்தது. "இல்லை ஐயா. வீட்டில் கார் உண்டு. சாவிதான் தர மாட்டேன் என்கிறார்கள்."

டைட்டஸுக்கு ரத்தம் கொதித்தது. "உங்களுக்கே சாவி தராதவர் சுத்த மடையர். என் முன்னால் வரட்டும், நான் கேட்கிறேன்" என்று எழுதி, முதல் தரமும் கொடுத்து, கீழே தன் முழுப்பெயரையும் போட்டார். அடுக்களையில் போன் 'டிங்' என்றது.

பெமிலா வெளியே வந்தாள். "அந்த மடையர நீங்க பாக்கணுமாமே. முகம் பாக்குத கண்ணாடி எடுத்துட்டு வரட்டா?"

"நீயாட்டி வளைவு? இதெல்லாம் எங்க படிச்ச?"

"உங்க பழைய மோட்டார் புஸ்தகத்த எல்லாம் வாரா வாரம் தூசி தட்டச் சொல்லுவியல்லா. தட்டும்போ வாசிச்சேன்."

கொடுத்த தரத்தைத் திரும்பப் பெற முடியாது. அந்த விதியைச் சண்டை போட்டுக் கொண்டுவந்தவரே அவர்தான்.

மறுநாள் காலை டைட்டஸ் இடப்பக்கத்து சீட்டில், மடியில் கறி வாங்கக் காலித் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார். பெமிலா ஓட்ட, நீலக் கார் பின்னால் நகர்ந்தது. வாய் சும்மா இருக்குமா?

"பாத்துட்டி. கேட் தூணுல இடிச்சிராத."

"போன தடவ அதுல இடிச்சது யாராக்கும்?"

"நான் இடிச்சேம்னு சான்று எங்க?"

பெமிலா வண்டியை நிறுத்தி, அவர் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். போன கிறிஸ்துமஸுக்கு அவர் கார் எடுத்தபோது ஒட்டிய நீலப் பெயிண்ட் தூணில் அப்படியே இருந்தது.